கேற்றிலிருந்து எழுதுங்கள்: டவுன் கோயில் ஒன்றின் வரலாற்றைச் சேர்ப்பது எப்படி

நூறாவது ஆண்டு, நூற்றைம்பதாவது ஆண்டு என்று ஏதாவது வந்துவிட்டால் நம்முடைய தேவாலயங்களில் முதலில் நடக்கிற காரியம் மலர்க்குழு போடுவது. அந்த மலர் எப்படி வரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். முன்பாதி முழுக்க ஆசிச் செய்திகள்: பேராயர், அரசாங்க அதிபர், மாநகர முதல்வர், பக்கத்துப் பாடசாலை அதிபர். பிறகு இதுவரை பணியாற்றிய குருமார் பட்டியல், மங்கிப்போன படத்தில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், 'எமது ஆலயத்தின் வரலாறு' என்று ஒன்றரைப் பக்கம், கடைசியில் ஹார்ட்வெயார் கடை விளம்பரங்கள். இப்படியான மலர்களுக்குப் புரூஃப் பார்த்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் ஓடித் திரிவார்கள்.

அந்த ஒன்றரைப் பக்கத்தை ஒழுங்காக எழுத நினைக்கிற ஒருவருக்கான குறிப்பு இது. மட்டக்களப்பு டவுனை மனதில் வைத்து எழுதுகிறேன், ஆனால் கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களுக்கும் பொருந்தும். அங்கிலிக்கனோ மெதடிஸ்தோ கத்தோலிக்கமோ, வேலை ஒன்றுதான். யார் பிரசங்கம் செய்தார் என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யார் கேற்றைத் தாண்டி உள்ளே வந்தார், எதற்கு வந்தார், யார் வெளியிலேயே நின்றார் என்று தேடுங்கள். டவுனோடு சேர்ந்து கிடந்த ஒரு கோயிலின் கதை அங்கேதான் இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு மாதிரியைப் பார்த்துவிடுவோம், அது அமெரிக்காவில். அங்கே அங்கிலிக்கன் குடும்பத்துச் சபைக்கு எபிஸ்கோப்பல் திருச்சபை என்று பெயர். பிலடெல்பியா நகரின் வடக்குப் பகுதியில் அவர்களுக்குச் சேர்ச் ஒஃப் தி அட்வகேட் என்ற பெரிய கல் கோயில் ஒன்று உண்டு. பணக்கார வியாபாரி ஒருவரின் நினைவாக 1887இல் தொடங்கி 1897இல் முடித்தார்கள், பிரெஞ்சுப் பேராலயங்களின் பாணியில். அந்தக் காலத்தில் பல கோயில்களில் வாங்குக்கு வாடகை கட்டுகிற குடும்பத்துக்குத்தான் முன்வரிசை; இங்கே வாடகை கிடையாது, யாரும் எங்கேயும் இருக்கலாம். பிறகு சுற்றுவட்டாரம் மாறியது. வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள், கறுப்பின மக்கள் குடியேறினார்கள், வேலைகள் போயின, 1964இல் கலவரம் வெடித்தது. இப்படியான நேரத்தில் பல சபைகள் கட்டடத்தை விற்றுவிட்டு ஆட்களின் பின்னால் போய்விடும். இவர்கள் போகவில்லை. 1962 முதல் 1987 வரை அங்கே குருவாக இருந்த போல் வாஷிங்டன் கதவைத் தெருவுக்குத் திறந்துவிட்டார். 1968இல் கறுப்பின மக்களின் 'பிளாக் பவர்' என்ற கறுப்பு அதிகார இயக்கத்தின் மாநாடு அங்கே நடந்தது. எழுபதுகளில் கறுப்பின மக்களின் வரலாற்றை வேதாகமக் காட்சிகளோடு சேர்த்துச் சுவர்களில் பெரிய ஓவியங்களாகத் தீட்டினார்கள். 1974 ஜூலை 29 அன்று, திருச்சபை இன்னும் அனுமதி கொடுக்காத நேரத்தில், பதினொரு பெண்கள் அந்தக் கோயிலில்தான் குருக்களாக அபிஷேகம் பெற்றார்கள். சபை அதை ஏற்றுக்கொள்ள 1976 ஆனது. அன்று ஊர்வலத்தின் முன்னால் சிலுவை தூக்கி நடந்த பார்பரா ஹரிஸ் அதே கோயிலின் வாடன், அதாவது சபை நிர்வாகத்தைக் கவனிக்கிற சபையார். 1989இல் உலக அங்கிலிக்கன் சபைகளிலேயே முதல் பெண் பேராயர் ஆனவரும் அவர்தான்.

இந்தக் கதையில் குருமார் பட்டியல் எங்கே வருகிறது? எங்கேயும் இல்லை. ஒரே ஒரு குருவின் பெயர்தான், அதுவும் கதவு திறந்ததால். நீங்கள் எழுதப்போகும் கோயிலில் மாநாடு நடந்திருக்க வேண்டியதில்லை. கேள்வியை மட்டும் கடன் வாங்குங்கள்: சுற்றுவட்டாரம் மாறியபோது கோயில் என்ன செய்தது?

முதல் வேலை எல்லை போடுவது. கோயிலிலிருந்து எந்தத் தெரு வரைக்கும் உங்கள் கதை என்று ஒரு தாளில் கீறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எழுத்து போர்த்துக்கீசர் 1628இல் கோட்டை கட்டியதில் தொடங்கி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்ததைச் சொல்லி, உங்கள் கோயிலுக்கு வந்து சேருமுன் பக்கம் முடிந்துவிடும். மட்டக்களப்புக்கு வழக்கமாகச் சொல்கிற 'மீன்பாடும் தேன்நாட்டிலே' என்று தொடங்குவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அந்த மீன்களுக்கும் ஓய்வு வேண்டும். டவுனின் நடுவில் வாவி சூழ்ந்த புளியந்தீவு என்றால் எல்லை போடுவது லேசு, வாவியே போட்டுத் தந்திருக்கிறது. காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை நடந்து பாருங்கள். எது வீடாக இருந்து கடையானது, எது வீடாக இருந்து ஒபிஸ் ஆனது, எந்த ஒழுங்கையில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களிடம் எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டுக் குறியுங்கள். டவுன் கோயில்களில் அநேகமாக ஒரு விஷயம் வெளிக்கும்: சபையார் வாவிக்கு அந்தப் பக்கம் கல்லடியிலிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், கோயில் மதிலுக்கு அடுத்த வீட்டுக்காரர் சபையாரே இல்லை. இது எப்போது நடந்தது, ஏன் நடந்தது என்பது உங்கள் வரலாற்றின் முதுகெலும்பு. 1924இல் கல்லடிப் பாலம் திறந்தது தொடக்கம் யுத்த காலம் வரை அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். உங்கள் கோயிலுக்கு எது பொருந்தும் என்று ஆட்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

கோயில் அலுமாரி

அடுத்து கோயிலின் சொந்தத் தாள்கள். குருவானவரிடமும் பரிபாலன சபையிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல் அனுமதி அடுத்த ஃபாதர் மாறி வந்ததும் காலாவதியாகிவிடும்.

ஞானஸ்நானப் பதிவேட்டை எல்லாரும் பெயர் தேடத்தான் திறப்பார்கள். நீங்கள் தகப்பனின் தொழில், இருப்பிடம் என்ற பத்திகளைப் பாருங்கள். அங்கிலிக்கன் பதிவேடுகளில் இரண்டும் உண்டு. பத்து வருடத்துக்கு ஒரு வருடம் எடுத்துத் தொழில்களை மட்டும் எழுதிவந்தாலே டவுன் உங்கள் முன்னால் விரியும்: எப்போது கிளறிக்கல் உத்தியோகத்தர்கள் நிறைந்திருந்தார்கள், எப்போது பறங்கிப் பெயர்கள் குறைந்தன, எப்போது கூலி வேலை, மீன்பிடி என்ற சொற்கள் முதல்முறை வந்தன. இலங்கையில் பிறப்பு இறப்பை அரசாங்கம் பதியத் தொடங்கியது 1867இல் என்பதால் அதற்கு முந்திய காலத்துக்குக் கோயில் பதிவேட்டை விட்டால் வேறு வழியே இல்லாத குடும்பங்கள் உண்டு. இதனாலேயே பதிவேட்டைக் கவனமாகக் கையாள வேண்டும். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை, தத்தெடுத்த பிள்ளை, அவசரக் கலியாணம், எல்லாம் அங்கே இருக்கும். எண்ணிக்கைக்கு எடுங்கள், பெயரோடு அச்சில் போடாதீர்கள். டவுன் சின்னது.

எனக்குப் பிடித்தது ஆராதனைப் பதிவேடு, யாரும் சீண்டாத புத்தகம். திகதி, எத்தனை பேர் நற்கருணை எடுத்தார்கள், காணிக்கை எவ்வளவு, ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு சின்னப் பத்தி. அந்தக் குறிப்புப் பத்திதான் தங்கம். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது ஒரு வியாழன், அடுத்து வந்த ஞாயிறு 26ஆம் திகதி. அன்று ஆராதனை நடந்ததா, கூரை இருந்ததா, எத்தனை பேர் வந்தார்கள்? சுனாமி வந்த 2004 டிசம்பர் 26உம் ஞாயிறுதான், நத்தாருக்கு அடுத்த நாள் காலை, கோயில்களில் ஆட்கள் இருந்த நேரம். யுத்தம் மறுபடி வெடித்த 1990 ஜூன் மாதத்து ஞாயிறுகளில் என்ன எழுதியிருக்கிறது? எழுதாமல் வெறுமையாக விட்ட வரிசைகள் எத்தனை? 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அடுத்த வாரங்கள்? இந்த ஐந்தாறு இடங்களைப் புரட்டினாலே ஒரு அத்தியாயத்துக்கான சாமான் கையில் இருக்கும்.

கூட்டக் குறிப்புகளில் சண்டையைத் தேடுங்கள். மண்டபத்தை வெளியாருக்கு வாடகைக்குக் கொடுப்பதா, மதிலை உயர்த்துவதா, கிணற்றைப் பூட்டுவதா, தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு, ஆங்கில ஆராதனை எத்தனை மணிக்கு. ஒரு கோயில் தன் தெருவை எப்படிப் பார்த்தது என்பது இப்படியான சில்லறை வாக்குவாதங்களில்தான் தெரியும். கணக்குப் புத்தகத்தில் 'ஏழைகள் நிதி' என்ற வரியை மட்டும் தனியாக வருடவாரியாக எடுத்து வையுங்கள், மணி பழுதுபார்க்கப் போன காசோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கலாம்.

படம் எடுக்கும் விதம் பற்றி இரண்டு வார்த்தை. போன் கமரா போதும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கை கழுவித் துடைத்துவிட்டு. கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்டுகிற நல்ல மனிதர்களை அருகில் விடாதீர்கள், அந்தப் பசை காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கித் தின்றுவிடும். படங்களை அன்றைக்கே பெயரிட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

கோயிலுக்கு வெளியே உள்ள தாள்கள்

இங்கே நேரத்தை வீணாக்காமல் இருக்கச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். கொழும்புப் பேராயம் 1845இல்தான் உண்டானது. அதற்கு முன் இலங்கை அங்கிலிக்கன்கள் முதலில் கல்கத்தாவின் கீழும் 1835க்குப் பிறகு சென்னையின் கீழும் இருந்தார்கள். ஆகவே பழைய கடிதம் கொழும்பில் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. 1881இல் சட்டம் போட்டு நிறுத்தும் வரை அங்கிலிக்கன் குருமாருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்துவந்தது, அதனால் அவர்களைப் பற்றிய தகவல் அரசாங்கத் தாள்களிலும் இருக்கும், கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பாருங்கள். மெதடிஸ்த ஆட்களுக்கு மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் வந்து இறங்கியதும் அடுத்த வருடமே இங்கே இறந்துபோனதும் மனப்பாடம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மிஷனரிமார் எழுதிய கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) நூலகத்தில் உள்ளன. சேர்ச் மிஷனரி சங்கத்தின் தாள்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். கத்தோலிக்கக் கோயில் என்றால் 1895க்குப் பிறகு பிரெஞ்சு யேசுசபையினர் காலம், பிரெஞ்சு படிக்கக்கூடிய ஒருவரைப் பிடித்து வையுங்கள்.

அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு: அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் சங்கதிகள் எல்லாம் மட்டக்களப்பு என்ற தலைப்பின் கீழ்தான் கிடக்கும். இது தெரியாமல் வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. பழைய பத்திரிகை, மலர்களுக்கு 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தை முதலில் தேடுங்கள், பஸ் காசு மிச்சம்.

காணி உறுதியை மறக்க வேண்டாம். வளவை யார் கொடுத்தார், அரசாங்கமா தனியாளா, எதற்கென்று கொடுத்தார், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு. பாலர் பாடசாலைக்கென்று கொடுத்த துண்டில் இப்போது கடைத்தொகுதி நிற்கிறதென்றால் அதுவும் வரலாறுதான், பரிபாலன சபைக்குப் பிடிக்காவிட்டாலும்.

சேமக்காலைக்கு வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் போங்கள், எழுத்து தானாகத் தெரியும். மங்கலான கல்லுக்கு டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கம்பிப் பிரஷ், சோக்கட்டி, அசிட் எதுவும் வேண்டாம். எந்த மொழியில் எழுதியிருக்கிறது, எந்த வரிசையில் யார் கிடக்கிறார்கள், கல்லே இல்லாத மேடுகள் எந்த மூலையில் என்பதையும் குறியுங்கள். உயிரோடு இருக்கும்போது யார் எந்த வாங்கில் இருந்தார்களோ அந்த வரிசை சில இடங்களில் மண்ணுக்குள்ளும் தொடரும். சாதி, வர்க்கம் பற்றிக் கோயில் மலர்கள் ஒரு வரி எழுதாது; கல்வரிசை மறைக்காது.

ஆட்களிடம் கேட்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், தாள் காத்திருக்கும், வயதுபோன ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள்.

யாரிடம் போவது? முன்னாள் வாடன், பாடகர் குழுத் தலைவர் என்று குழு ஒரு பட்டியல் தரும், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு அதற்கு வெளியே போங்கள். மணி அடித்தவர். கோயில் கூட்டியவர். தாய்மார் சங்கத்தில் பேச்சுக்கு எழும்பாமல் குசினியில் நின்றவர். எதிர்க்கடை சைவக்காரர். மூலையில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஐயா. ஒட்டோ ஸ்டாண்ட்காரர், அவர்களுக்கு எத்தனை மணிக்குக் கேற் பூட்டுகிறது என்பது ஃபாதரைவிட நன்றாகத் தெரியும். கோயில் பாலர் பாடசாலையில் படித்து இப்போது வேறு சமயத்தில், வேறு ஊரில் இருப்பவர்கள். கனடாவுக்கும் லண்டனுக்கும் வாட்ஸ்அப் இருக்கிறது.

வருடம் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நம்பாதீர்கள். ஊருக்குத் தெரிந்த பெரிய சம்பவங்களைப் பிடித்துக் கேளுங்கள்: ஐம்பத்தேழாம் வருட வெள்ளத்துக்கு முன்னா பின்னா? சூறாவளிக்கு முன்னா? தொண்ணூறு பிரச்சினைக்குப் பிறகா? சுனாமி நேரம் பிள்ளைக்கு எத்தனை வயது? இப்படி இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு வந்தால் ஓரிரு வருடத்துக்குள் நிறுத்திவிடலாம்.

கேள்வியும் சின்னதாக, கையில் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'இந்த ஆலயம் சமூகத்துக்கு ஆற்றிய பணி என்ன?' என்று கேட்டால் மலரில் வருகிற அதே பதில்தான் வரும், 'அளப்பரிய பணி' என்று. அதற்குப் பதிலாக, 'அன்ரி, சின்ன வயதில நீங்க இந்த வளவுக்குள்ள எதுக்கு வருவீங்க?' என்று கேளுங்கள். 'தண்ணிக்குத்தான் மனே, வேற என்னத்துக்கு' என்று வரும். அங்கிருந்து பிடித்துப் போங்கள்: எந்தக் கிணறு, யார் அள்ள விட்டது, யாரை விடவில்லை, கோடையில் என்ன செய்தீர்கள், எப்போது குழாய் வந்தது. சூறாவளிக்கு அடுத்த நாள் எங்கே சமைத்தீர்கள், அரிசி யாருடையது, கிடாரம் யார் வீட்டது. இடம்பெயர்ந்த ஆட்கள் மண்டபத்தில் இருந்தபோது எங்கே படுத்தார்கள், மலசலகூடம் எத்தனை, எப்போது போகச் சொன்னார்கள், யார் சொன்னது. பதில் வந்த பிறகு உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்சம் சும்மா இருங்கள், அவர்களே தொடர்வார்கள். ஒலிப்பதிவு செய்வதென்றால் முதலில் கேட்டுவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை அவர் பக்கம் வையுங்கள்.

யுத்த காலம் பற்றி. இங்கே அவசரமும் வேண்டாம், வீரமும் வேண்டாம். பகிரங்கமாகத் தெரிந்தவற்றைத் தாராளமாக எழுதலாம். புனித மரியாள் பேராலயத்தின் பங்குத்தந்தையாகவும் பிரஜைகள் குழுத் தலைவராகவும் இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆம் திகதி கோயில் வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். புனித மைக்கல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹேபர்ட் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து டவுனுக்கு வருகிற வழியில் காணாமல் போனார். கோயிலும் டவுனும் ஒன்றாக அடிபட்ட கதைகள் இவை, இவர்களை 'மறைந்த குருமார்' பட்டியலில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆனால் யார் யாரை ஒளித்து வைத்தார், எந்த வீட்டுப் பெடியன் எந்த இரவு வளவுக்குள் இருந்தான், யார் காட்டிக்கொடுத்தார் என்று பேசப்படுவதெல்லாம் வேறு. சொன்னவர் சரி என்றாலும் சொல்லப்பட்டவரின் குடும்பம் இன்னும் இங்கே இருக்கலாம். பெயரை எடுத்துவிட்டு எழுதினாலும் தெருவைச் சொன்னால் டவுனில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படியானதை எழுதி, மூடிய உறையில், இத்தனை வருடத்துக்குத் திறக்க வேண்டாம் என்று குறிப்பிட்டுக் கோயில் அலுமாரியில் வைக்கலாம், சொன்னவர் சம்மதித்தால். பேச விரும்பாதவரை இரண்டாம் முறை கேட்காதீர்கள்.

நல்லதை மட்டும் சேர்க்காமலும் இருங்கள். சுனாமி நிவாரணம் பங்கிட்டபோது சபையாருக்கு முதலில் கொடுத்தார்கள் என்ற மனக்குறை, மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம், மண்டப வாடகை ஏறியதால் வராமல் போன அயலவர் கலியாணங்கள், இதெல்லாம் எதிர்க்கடைக்காரர் சொல்லுவார். குழுவில் ஒருவர் கட்டாயம் 'இதெல்லாம் மலரில் வேண்டாமே தம்பி' என்பார். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதை, அல்லது தாளில் இருப்பதை மட்டுமே எழுதியிருக்கிறோம் என்று காட்ட முடிந்தால் அந்த வாக்குவாதத்தில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஃபாதரை முன்கூட்டியே உங்கள் பக்கம் எடுத்துவைத்திருக்க வேண்டும்.

எழுதும்போது

குருமார் ஆண்டுவரிசையில் எழுதாதீர்கள். இடங்களை வைத்து எழுதுங்கள்: கேற், கிணறு, மண்டபம், பாலர் பாடசாலை, சேமக்காலை. ஒவ்வோர் இடத்தின் கதையையும் தொடக்கத்திலிருந்து இன்றுவரை கொண்டுவாருங்கள், குருமார் தேவைப்படுகிற இடத்தில் தாங்களாக வருவார்கள். பட்டியல் கட்டாயம் வேண்டுமென்றால் பின்னால் ஒரு பக்கம், அதோடு மணி அடித்தவர்களின் பட்டியலும் போடுங்கள். அது கிடைப்பது கஷ்டம், ஆனால் சபையார் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள், அவர்களுடைய மாமாவோ அப்பப்பாவோ அங்கே இருப்பார்.

அச்சுக்குப் போகுமுன் சொன்னவர்களுக்கு அவரவர் பகுதியை வாசித்துக் காட்டுங்கள், கண் தெரியாத ஆட்களுக்கு வீட்டுக்குப் போய். எடுத்துவிடச் சொன்னதை எடுத்துவிடுங்கள். கோயிலுக்கு வராத அயலவர் ஒருவரிடமும் முழுப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், புரூஃப் பார்ப்பவரின் கண்ணில் படாத பிழை அவர் கண்ணில் படும். எழுத்துருவை யூனிகோடில் வைத்திருங்கள், பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கினால் பிறகு தேட முடியாது. ஒரு பிரதி பொது நூலகத்துக்கு, ஒரு பிரதி நூலகம் இணையத்தளத்துக்கு, ஒரு பிரதி கொழும்புச் சுவடிகள் திணைக்களத்துக்கு. ஒட்டோ ஸ்டாண்டுக்கும் ஒன்று கொடுங்கள், பிழை இருந்தால் அடுத்த நாளே சொல்லிவிடுவார்கள்.